நாலு நிமிஷத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு

போனைத் திறந்தால் யாராவது ஒருவர் குதித்துக்கொண்டிருக்கிறார். இருபது செக்கன் குதி, பத்து செக்கன் நில், மறுபடி குதி. மொத்தம் நாலே நாலு நிமிஷம். மேலே பெரிய எழுத்தில் 'டபாட்டா' என்று போட்டிருக்கும். ஜிம்முக்குப் போனால் இதையே 'ஹிட்' என்பார்கள்: ஹை இன்டென்சிட்டி இன்டர்வல் டிரெயினிங். கொஞ்ச நேரம் உச்ச வேகம், கொஞ்ச நேரம் ஓய்வு, திரும்ப உச்ச வேகம். ஆசையாகத் தொடங்குகிறவர்களில் நிறையப் பேர் மூன்றாம் நாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்குவார்கள். இரண்டாம் வாரம் நின்றுவிடும். பிறகு எல்லோரும் சொல்வது ஒரே வசனம்: "எனக்கெல்லாம் இது சரிவராது மச்சான்."

சரிவராதது ஆளா, அந்த நாலு நிமிஷமா? இந்த முறைக்கு எண்பது வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அதைப் பார்த்தால் தப்பு யார் பக்கம் என்று தெரியும். டபாட்டா என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதும் தெரியவரும். கதையின் ஓரத்தில் நம்ம கண்டியும் எட்டிப்பார்க்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

1948 ஜூலை 31, லண்டன் வெம்ப்ளி. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஆறு மாதம்கூட முடியவில்லை. நாடு ஒலிம்பிக்கில் கலந்துகொள்வதே அதுதான் முதல் தடவை. 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தின் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ரோய் கொக்ரன் 51.1 செக்கனில் முதலாவதாக வந்தார். 51.8 செக்கனில் இரண்டாவதாக வந்தவர் டங்கன் வைட், கண்டி டிரினிட்டி கல்லூரியில் படித்தவர். 1950இல் ஒக்லாந்தில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் தங்கமும் எடுத்தார். இலங்கைக்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் வர 52 வருஷம் ஆனது. 2000இல் சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க வந்துதான் அந்தக் காத்திருப்பு முடிந்தது.

டிரினிட்டியின் அஸ்கிரிய மைதானத்தைப் பார்த்திருப்பீர்கள். மலையை வெட்டிச் சமப்படுத்தி 1915இல் திறந்த மைதானம் அது. கண்டியில் சமதளம் என்பது வெட்டி எடுத்தால்தான் கிடைக்கும். இந்த விஷயம் பின்னால் நமக்கு வேண்டும், ஞாபகத்தில் இருக்கட்டும்.

400 மீற்றர் ஒரு பொல்லாத தூரம். 100 மீற்றரை ஒரே மூச்சில் முடிக்கலாம். 5000 மீற்றரை அளந்து அளந்து ஓடலாம். 400இல் இரண்டுமே முடியாது. கிட்டத்தட்ட முழு வேகத்தில் ஐம்பது செக்கன் தாக்குப்பிடிக்க வேண்டும். தசைக்குத் தேவையான சக்தியை ஒட்சிசன் வந்து தரும்வரை காத்திருக்க நேரமில்லை. ஒட்சிசன் இல்லாமலே உடம்பு சக்தியை எடுக்கிறது, அதன் விலையாகக் கடைசி நூறு மீற்றரில் கால் கல்லாகிறது. இதற்கு மெதுவோட்டம் மட்டும் போதாது, ஏனென்றால் மெதுவோட்டத்தில் உடம்பு அந்த நிலைக்கே போவதில்லை. சரி, முழு வேகத்திலேயே பயிற்சி எடுக்கலாம் என்றால், ஒரு தடவை ஓடியதும் ஆள் விழுந்துவிடுவார். நீண்ட நேரம் தாங்க முடியாத வேகத்துக்கு உடம்பை எப்படித்தான் பழக்குவது?

துண்டு துண்டாக வெட்டி என்பதுதான் பதில். ஐரோப்பாவில் 1930களிலேயே பலர் அதைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒழுங்கான கணக்காக மாற்றியவர்கள் இரண்டு ஜேர்மனியர்: வொல்டமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ஹான்ஸ் ரைன்டெல் என்ற இதய மருத்துவரும். அவர்களுடைய கணக்கு இதுதான். 100, 200, 400 மீற்றர் என்று ஒரு துண்டு ஓடு. இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 180 அளவுக்கு ஏறட்டும். பிறகு நில், அல்லது மெல்ல நட. துடிப்பு 120க்கு இறங்கியதும் அடுத்த துண்டு. 90 செக்கன் ஆகியும் 120க்கு இறங்கவில்லையா? அப்படியென்றால் நீ ஓடியது அதிக வேகம், அல்லது அதிக தூரம். குறை.

கடைசி வரியைக் கவனியுங்கள். துடிப்பு இறங்காவிட்டால் 'இன்னும் தம் பிடி' என்று அவர்கள் சொல்லவில்லை, குறை என்றார்கள். இதயம் பெரிதாவது ஓடும்போது அல்ல, ஓய்வின்போதுதான் என்றே ரைன்டெல் நம்பினார். அந்த விளக்கத்தைப் பிற்கால ஆய்வாளர்கள் எல்லோரும் ஏற்கவில்லை என்பது வேறு கதை. ஆனால் ஓய்வுக்கு அவர்கள் கொடுத்த இடம் முக்கியம். இன்டர்வல் என்றால் என்னவென்று தியேட்டருக்குப் போய்ப் பழகிய நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இடைவேளை. பயிற்சிக்கே இடைவேளையின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், நாம் அதை வேகத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கெர்ஷ்லரின் மாணவர் ருடொல்ப் ஹார்பிக். 1939 ஜூலை 15 அன்று மிலான் நகரில் 800 மீற்றரை 1 நிமிஷம் 46.6 செக்கனில் ஓடினார். முந்தைய உலக சாதனையை விட 1.8 செக்கன் குறைவு. அந்தத் தூரத்தில் அது நம்பமுடியாத பாய்ச்சல், பதினாறு வருஷம் யாராலும் அதை முறியடிக்க முடியவில்லை. ஹார்பிக் அதைப் பார்க்க இருக்கவில்லை. 1944இல் போர்முனையில் இறந்துவிட்டார்.

அடுத்து எமில் சாட்டொபெக். செக்கோஸ்லோவாக்கியாக்காரர். 400 மீற்றரை வேகமாக, பிறகு கொஞ்சம் மெதுவாக, திரும்ப 400 என்று ஒரே நாளில் பல பத்துத் தடவை ஓடுவார். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 5000, 10,000, மரதன் மூன்றிலும் தங்கம். மரதன் ஓடியதே அவருக்கு அதுதான் முதல் தடவை. அதே ஹெல்சின்கிக்கு நம்மவர் ஒருவரும் போயிருந்தார்: யாழ் மத்திய கல்லூரியின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், உயரம் பாய்தலுக்கு. அவர்தான் 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தவர். இரண்டு பேரும் ஒரே மைதானத்தில் இருந்தார்கள் என்று நினைக்கவே எனக்கு ஒரு சந்தோஷம், அதனால் இங்கே சொல்லிவைத்தேன்.

சாட்டொபெக்குக்குப் பிறகு உலகமே துண்டு துண்டாக ஓடியது. ஏன் வேலை செய்கிறது என்பதற்குத் தெளிவான படம் 1960இல் ஸ்டொக்ஹோமிலிருந்து வந்தது. ஒருவரை மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் நிற்காமல் ஓடவிட்டார்கள். நாலு நிமிஷத்தில், 1300 மீற்றரோடு ஆள் முடிந்தார். அதே ஆள், அதே வேகம், ஆனால் இந்த முறை பத்து செக்கன் ஓட்டம், ஐந்து செக்கன் ஓய்வு. முப்பது நிமிஷம் தாக்குப்பிடித்தார். ஓடிய நேரம் மட்டும் இருபது நிமிஷம், தூரம் ஆறரைக் கிலோமீற்றருக்கு மேல். வெறும் ஐந்து செக்கன் இடைவேளை செய்த வேலை இது.

இனி டபாட்டா. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் போனில் வரும் அந்த நாலு நிமிஷம் இங்கேதான் பிறக்கிறது.

ஜப்பானின் ஐஸ் சறுக்கோட்ட அணிக்கு இரிசாவா கொயிச்சி என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். 20 செக்கன் உச்ச வேகம், 10 செக்கன் ஓய்வு என்ற முறை அவருடையது. அதை ஆய்வுகூடத்தில் அளந்து பார்த்தவர் இசுமி டபாட்டா. 1996இல் கட்டுரை வெளிவந்தது. பெயர் மட்டும் அளந்தவருக்குப் போய்விட்டது. டபாட்டாவே இதைப் பல தடவை சொல்லியிருக்கிறார்.

பரிசோதனையில் இரண்டு குழு. ஒரு குழு வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம், மிதமான வேகத்தில் சைக்கிள் மிதித்தது. மற்றக் குழு 20-10 கணக்கில் ஏழெட்டுத் தடவை. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், உடம்பு ஒட்சிசனைப் பயன்படுத்தும் திறன் இரண்டு குழுவிலும் கூடியிருந்தது. ஒட்சிசன் இல்லாமல் சக்தி எடுக்கும் திறன், அதுதான் நம்ம 400 மீற்றர் திறன், இரண்டாவது குழுவில் மட்டும் 28 வீதம் கூடியிருந்தது. ஒரு மணித்தியாலம் எங்கே, நாலு நிமிஷம் எங்கே! செய்தி பரவாமல் இருக்குமா?

பரவும்போது உதிர்ந்துபோனவை சில. அந்த நாலு நிமிஷத்துக்கு முன்னால் உடம்பைச் சூடாக்க அவர்கள் தனியாக நேரம் எடுத்தார்கள். வாரத்தில் ஒரு நாள் அரை மணித்தியாலம் மிதமான வேகத்திலும் மிதித்தார்கள். மிதித்தது சைக்கிள் இயந்திரம், தரையில் குதிக்கவில்லை. வேகமோ, ஒருவரின் உச்ச ஒட்சிசன் திறனுக்குத் தேவையான அளவையும் தாண்டி, அதன் 170 வீதம். ஏழாவது எட்டாவது தடவையில் மிதிக்கவே முடியாமல் நின்றுவிட வேண்டும், அப்படி நின்றால்தான் அது டபாட்டா. இவ்வளவையும் செய்தவர்கள் உடற்கல்வி படிக்கும் இளைஞர்கள், ஏற்கனவே விளையாட்டில் ஊறியவர்கள். நாள் முழுக்கக் கதிரையில் உட்கார்ந்துவிட்டு இரவு அறைக்கு வரும் ஒருவருக்கு முதல் நாளே கொடுக்க வேண்டியதா இது? மூன்றாம் நாள் கைப்பிடியைப் பிடித்தவர் தோற்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை இறுதியாண்டுப் பரீட்சையில் உட்காரவைத்தது போலத்தான் அது.

2005இல் இன்னொரு ஆய்வு. நம்மில் பாதிப் பேருக்குச் சித்தியோ மாமாவோ இருக்கிற ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில் ஹமில்டன் நகரம், அங்கே மக்மாஸ்டர் பல்கலைக்கழகம். மார்ட்டின் ஜிபாலாவின் குழு 30 செக்கன் முழுப் பலத்தோடு மிதிக்கவிட்டு, நாலு நிமிஷம் ஓய்வு கொடுத்தது. நாளுக்கு நாலு முதல் ஏழு தடவை, இரண்டு வாரத்தில் ஆறே நாள். ஒரே வேகத்தில் மிதித்துக்கொண்டே இருக்கக்கூடிய நேரம் ஏறக்குறைய இரு மடங்கானது. 'ஹிட்' என்ற சொல் ஜிம் சுவர்களில் ஏறியது இதற்குப் பிறகுதான். முப்பது செக்கனுக்கு நாலு நிமிஷம் ஓய்வு என்ற பாதியை மட்டும் சுவரில் யாரும் எழுதவில்லை.

எனக்கு இவை எல்லாவற்றையும் விடப் பிடித்தவை 2007இல் வந்த இரண்டு ஆய்வுகள். முதலாவது நோர்வேயின் ட்ரொன்ட்ஹைம் நகரில். உல்ரிக் விஸ்லொப் குழு இதய நோயாளிகளை எடுத்தது. மாரடைப்பு வந்து இதயம் பலவீனமானவர்கள், சராசரி வயது 75. அவர்களை ஏற்றமாகச் சாய்த்த டிரெட்மில்லில் மருத்துவர்களின் கண்காணிப்பில் நடக்கவிட்டார்கள்: நாலு நிமிஷம் மூச்சு வாங்க, மூன்று நிமிஷம் மெதுவாக, இப்படி நாலு தடவை. மிதமாகத் தொடர்ந்து நடந்தவர்களை விட இவர்கள் அதிகம் தேறினார்கள். இரண்டாவது ஜப்பானின் மட்சுமொட்டோ, அதுவும் மலை சூழ்ந்த ஊர். நடுத்தர வயதினரும் முதியவர்களும் மூன்று நிமிஷம் வேக நடை, மூன்று நிமிஷம் மெது நடை, ஐந்து தடவை, வாரத்தில் நாலு நாளாவது. ஐந்து மாதத்தில் கால் பலமும் மூச்சும் கூடின, இரத்த அழுத்தம் இறங்கியது. யாரும் குதிக்கவில்லை. 'உச்சம்' என்பது அவரவர் உச்சம். 75 வயது இதய நோயாளிக்கு அது ஏற்றத்தில் நடை, வைட்டுக்கு அது 51.8 செக்கன்.

ஏற்றம் என்றதும் நம்ம ஊருக்கு வருவோம். ஹந்தானைச் சரிவில் கொழுந்து பறித்த அம்மாச்சிகளின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அவர்கள் செய்ததும் ஏறுவது, நின்று பறிப்பது, மறுபடி ஏறுவதுதானே, அதுவும் ஹிட் தானே என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கெர்ஷ்லரின் கணக்கில் ஓய்வு முடிவது ஓடுகிறவரின் இதயம் 120க்கு இறங்கும்போது. தோட்டத்தில் ஓய்வு முடிவது கங்காணி சத்தம் போடும்போது. மூச்சு வாங்குவது இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் இடைவேளை யார் கையில் இருக்கிறது? அது வேலை. அந்த உடம்பு தேய்ந்தது.

ஆனால் அங்கிருந்து இறங்கி வந்த எங்கள் தலைமுறைக்கு இன்னொரு சிக்கல். வங்கி, புடவைக் கடை, போன் கடை, கணினி. காலையில் பஸ், மாலையில் த்ரீவீல். அம்மாச்சிக்கு அறுபதில் வந்த சீனி வருத்தம் அம்மாவுக்கு நாற்பத்தைந்தில் வருகிறது. பிரஷர் குளிசை இல்லாத வீடு குறைவு. அதனால் நாலு நிமிஷ வீடியோவைப் பார்த்துத் தொடங்கி விட்டுவிட்ட ஒருவரிடம் "சரி விடு" என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வேறு மாதிரித் தொடங்கு என்றுதான் சொல்கிறேன்.

கண்டியில் சமதளம் குறைவு என்று சொன்னேனே, அது இங்கே உதவுகிறது. மட்டமான ஊரில் இதயத்தை ஏற்ற ஓட வேண்டும். இங்கே வேகமாக நடந்தாலே போதும். மஹியாவை, அஸ்கிரிய, அம்பிட்டிய வீதி, ஹந்தானை, உங்கள் வீட்டுக்கு முன்னால் எந்த ஏற்றம் இருக்கிறதோ அது. முதலில் ஐந்து பத்து நிமிஷம் சாதாரண நடை. பிறகு ஒரு நிமிஷம் ஏற்றத்தில் வேகமாக. எவ்வளவு வேகம்? பக்கத்தில் வருபவரோடு இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச முடியாத அளவு. பிறகு இரண்டு நிமிஷம் மெதுவாக. நாலு தடவை போதும். வாரத்தில் இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. இரண்டு வாரம் கழித்து ஆறு தடவை, எட்டு தடவை என்று கூட்டலாம். நோர்வேக்காரர்களின் நாலு நிமிஷக் கணக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து.

மாடிப்படியும் உதவும். ஜிபாலாவின் ஆய்வுகூடமே பின்னால் உடற்பயிற்சிப் பழக்கமில்லாத இளம் பெண்களைப் படி ஏறவிட்டுப் பார்த்தது: இருபது செக்கன் வேகமாக, இரண்டு நிமிஷம் ஆறுதல், மூன்றே தடவை. அதுவே ஆறு வாரத்தில் மூச்சைக் கூட்டியது. இறங்கும்போது மட்டும் அவசரப்பட வேண்டாம். மறுநாள் தொடை வலிப்பது ஏறியதால் அல்ல, பெரும்பாலும் இறங்கியதாலும் குதித்ததாலும்தான். நீளும்போதே பாரம் தாங்கும் தசைதான் அதிகம் நோகும்.

நெஞ்சில் நோவு, தலைச்சுற்று, மயக்கம் வருகிறவர்களும், இதய நோயோ கட்டுப்பாடில்லாத பிரஷரோ இருக்கிறவர்களும், கர்ப்பிணிகளும் டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். சீனிக்கு மருந்து எடுப்பவர்களும் அப்படியே. மெலிவதற்காக மட்டும் இதைத் தொடங்கினால் ஏமாற்றம்தான்: கொழுப்புக் குறைவதில் ஹிட்டுக்கும் சாதாரண நடைக்கும் பெரிய வித்தியாசத்தை ஆய்வுகள் காட்டவில்லை. பயிற்சி முடிந்து நாள் முழுக்க உடம்பு எரிந்துகொண்டே இருக்கும் என்கிற கதையை நான் விளம்பரமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். இதில் நிஜமாகக் கிடைப்பது மூச்சும் நேரமும்.

இடம், நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. கண்டி ஒரு கிண்ணம். சுற்றி மலை, நடுவில் வாகனப் புகை. பள்ளிக்கூடம் தொடங்கும் நேரமும் விடும் நேரமும் வீதியோரத்தில் மூச்சு வாங்க நல்ல நேரமல்ல. உடவத்தகலை காட்டுப் பாதையில் நிழல் உண்டு, மழைக்காலம் என்றால் அட்டையும் உண்டு. பெண் பிள்ளைகள் தனியாக வீதியில் ஓடினால் பார்க்கிற பார்வை இன்னும் மாறவில்லை, வேக நடை அந்தப் பார்வையைக் கொஞ்சம் குறைவாகவே இழுக்கிறது. அது நியாயம் என்று சொல்லவில்லை, நிலைமையைச் சொல்கிறேன். இரண்டு பேராகப் போனால் இன்னும் நல்லது, பேச முடிகிறதா என்று பார்க்கவும் ஆள் வேண்டுமே.

காலை ஆறு மணிக்குக் கண்டி வாவிக்கு வாருங்கள். சுற்றி மூன்று கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டிய வாவி, ஓரத்தில் அலை அலையாகப் போகும் அந்த வலாகுளு மதிலை அவன் முடிப்பதற்குள் 1815இல் ஆங்கிலேயர் வந்துவிட்டார்கள். இங்கே ஏற்றம் இல்லை, அதனால் நடையைக் கூட்ட வேண்டும். மூன்று நிமிஷம் வேகம், மூன்று நிமிஷம் மெது, மட்சுமொட்டோ கணக்கு. மெது நடை முடியும் நேரம் கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பத்து செக்கன் எண்ணுங்கள். இருபதோ அதற்குக் குறைவோ வந்தால் கெர்ஷ்லரின் 120. கூட வந்தால் இன்னொரு நிமிஷம் மெதுவாகவே நடங்கள், வாவியில் ஆமை தலை தூக்குகிறதா என்று பார்த்துக்கொண்டு.